கூகைப்பொத்தையின் ஐந்து படங்கள்

“டீச்சர், இது ராசாளிதானே?”

கோமதிநாயகம் ஐந்து புகைப்படங்களைத் துணி வெட்டும் மேசைமேல் வரிசையாக வைத்தார். ஐந்திலும் நிறைய வானம் இருந்தது. வானத்தின் நடுவே அடுப்புக்கரித் துண்டு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

பாக்கியசீலி டீச்சர் ஒரு ரவிக்கைக்குக் கைக்குழி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“தூரத்துல இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

பாக்கியசீலிக்கு நாற்பது வயது. டவுனில் பெண்களுக்கான பயிற்சி நிலையத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் தையல். மீதி இரண்டு நாள் கழுத்தில் பைனாகுலரோடு குளக்கரைகளில் திரிவார். பருந்து, கழுகு என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் படம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும்.

வந்து சேருமே தவிர, அவர் வாயிலிருந்து ஒரு பெயரை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

கோமதிநாயகத்துக்கு அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்து மூன்று வயது இளையவரிடம் சனிக்கிழமைதோறும் பறவை படிக்க வருகிறோமே என்ற கூச்சமெல்லாம் அவருக்குக் கிடையாது. பதில் வராததுதான் அவருக்கு ஆகாது.

“தூரத்துல இருக்கது எனக்கும் தெரியுது டீச்சர். என்ன பறவைன்னு சொல்லுங்க.”

டீச்சர் ரவிக்கைத் துணியைத் திருப்பிப் போட்டார்.

கோமதிநாயகமே விளக்கினார். வயிறு வெள்ளையாக இருக்கிறது. இறக்கையில் கருப்புப் பட்டை இருக்கிறது. முதலில் எல்லாமே கருப்பாகத்தான் விழுந்தது, தெரு முனை ஸ்டுடியோவில் கொடுத்து வெளிச்சம் கூட்டிய பிறகுதான் வயிறு தெரிந்தது என்றார்.

“அந்த வெள்ளைய வச்சது பறவையா, ஸ்டுடியோக்காரரா?” என்று டீச்சர் கேட்டார்.

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. சர்வீஸில் இருந்தவரை அவர் அளவை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவர் அளவுச் சங்கிலி போட்டுக் கல் ஊன்றினால் அண்ணன் தம்பி வெட்டு குத்து நின்றுவிடும். அது ஊரறிந்த கதை.

“சும்மா கேக்கல டீச்சர். ஊருக்குச் சொல்லிட்டேன்” என்றார்.

சொல்லிவிட்டார் என்பது உண்மை. ஊத்துப்பட்டிக்காரர்கள் அதை நம்பி, பேருந்து நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றையும் கட்டிவிட்டார்கள். ‘ராசாளி வாழும் கூகைப்பொத்தையைக் காப்போம்.’ அதில் அச்சடித்திருந்த பறவைக்குத் தலை வெள்ளையாக இருந்தது. அது அமெரிக்காவில் வாழ்கிற கழுகு. ஃபிளெக்ஸ் கடைக்காரர் செல்போனில் தேடியபோது அதுதான் முதலில் வந்திருக்கிறது.

ஊத்துப்பட்டிக்கு மேற்கே தனியாக நிற்கிற பாறைக்குன்றுதான் கூகைப்பொத்தை. அதை உடைத்து ஜல்லி ஆக்க ஒரு குவாரிக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். ராசாளி அரிதான கழுகு. அது அங்கே கூடு கட்டுகிறது என்றால் அனுமதி கிடைப்பது கஷ்டம். கள்ளப்பருந்து என்றால் யாருக்கும் கவலையில்லை. கறிக்கடைக்கு மேலே வட்டம் போடுகிற சாதாரணப் பருந்து அது.

“நீங்க ராசாளின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். உங்க பேருக்கு மதிப்பு இருக்கு” என்றார் கோமதிநாயகம்.

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொத்தைக்கு என்ன அண்ணாச்சி இவ்வளவு பாடு? நீங்க ஊத்துப்பட்டிக்காரர் இல்லியே.”

கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொத்தையை அளந்தவர் அவர்தான். சித்திரை மாதம், உச்சி வெயில். கூட வந்த சங்கிலிக்காரருக்குக் காய்ச்சல். அடிவாரத்தில் புளிய மரத்தடியில் நின்று ஒரு பார்வை பார்த்தார். பாறை. காய்ந்த புல். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பதிவேட்டில் ‘கல்லாங்குத்து’, அதாவது எதற்கும் உதவாத கல் நிலம், என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குவாரிக்காரர்கள் மனுவில் முதல் பக்கத்திலேயே அந்த வரியைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

“ஏறிப் பாத்தியளா?” என்று டீச்சர் கேட்டார்.

“இல்ல.”

“அப்புறம் என்னைக்கு ஏறுனிய?”

“போன வருஷம். ரிட்டயர் ஆகி, உங்ககிட்ட வர ஆரம்பிச்சப்புறம்.”

மேலே பாறை இடுக்கில் ஒரு சுனை இருக்கிறது. கோடையிலும் வற்றுவதில்லை. ஊத்துப்பட்டி என்ற பெயரே அதனால் வந்ததாம். சுனையைச் சுற்றிக் கல்லிச்சி மரங்கள், முள்ளெலிப் பொந்துகள், ஆந்தைகள். அதையெல்லாம் விரல் மடக்கி எண்ணிச் சொன்னார். தன் கையெழுத்தை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

டீச்சர் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

“ஒரு வேலை செய்யுங்க அண்ணாச்சி. இதே கேமரா. இதே தூரம். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பறவைகளப் படம் எடுங்க. கிட்ட இருக்கும்போது ஒண்ணு. தூரம் போனப்புறம் ஒண்ணு. தூரத்துப் படத்தக் கொண்டாங்க. கிட்டத்துப் படத்த ஒரு கவர்ல போட்டு ஒட்டிருங்க.”

“இது எதுக்கு?”

“தூரத்த அளக்கத்தான்.”

அளக்கிறது என்றதும் அவருக்கு மறுக்க வாய் வரவில்லை.

*

கோமதிநாயகம் மூன்று வாரம் அலைந்தார்.

கள்ளப்பருந்துக்குக் கறிக்கடை வாசல்தான் சரியான இடம். தினமும் காலையில் கேமராவோடு எதிரே நின்றார். மூன்றாம் நாள் கடைக்காரர் வந்து, நகராட்சியில் இருந்தா வந்திருக்கிறீர்கள் என்று பயந்து கேட்டார். பருந்தைத்தான் பார்க்கிறேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றைக்கே கடைக்குப் புதுத் திரைச்சீலை வந்துவிட்டது.

பாம்புக்கழுகுக்குப் பெரியகுளம். கரையோரத்து மின்கம்பத்தில் அது எட்டு மணிக்கு வந்து உட்காரும். கிட்டே போய் எடுத்தார். மஞ்சள் கண் தெரிந்தது, பின்னந்தலையில் விசிறிக் கொண்டை தெரிந்தது. ஒரு நாள் காலில் பாம்பே இருந்தது. அது பறந்து தூரம் போகிற வரை கேமராவை இறக்காமல் நின்று, கரித்துண்டு ஆன பிறகு இன்னொன்று எடுத்தார்.

மொத்தம் ஐந்து பறவைகள் தேறின. மூன்று கள்ளப்பருந்து, இரண்டு பாம்புக்கழுகு. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் இடம், தேதி, நேரம் எழுதினார். சர்வேயர் கை சும்மா இருக்குமா. கிட்டத்துப் படங்களைக் கவரில் போட்டு ஒட்டினார்.

சனிக்கிழமை டீச்சர் அந்த ஐந்தையும் பொத்தையில் எடுத்த ஐந்தையும் சேர்த்துச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தார். பத்தையும் மேசையில் பரப்பினார்.

“உங்க ராசாளிய எடுங்க.”

கோமதிநாயகம் சிரித்துக்கொண்டார். தன் பிள்ளையைத் தனக்கு அடையாளம் தெரியாதா என்ற சிரிப்பு. வயிற்றைப் பார்த்தார், இறக்கைப் பட்டையைப் பார்த்தார், மளமளவென்று ஐந்தைப் பொறுக்கினார்.

“திருப்புங்க” என்றார் டீச்சர்.

முதலாவது, கூகைப்பொத்தை. இரண்டாவது, கூகைப்பொத்தை. மூன்றாவதைத் திருப்பினார்.

‘பஸ் ஸ்டாண்டு கறிக்கடை, காலை 7.40.’

அவருடைய கையெழுத்துதான்.

நான்காவது பொத்தை. ஐந்தாவது மறுபடி கறிக்கடை. பொத்தையில் எடுத்தவை இரண்டு, வேண்டாம் என்று ஒதுக்கிய பக்கம் கிடந்தன. அவற்றில் ஒன்றைத்தான் ஃபிளெக்ஸில் போடுவதாக முதலில் பேச்சு இருந்தது.

“இதுக்கு வால் பிளந்து இருக்கணுமே. கள்ளப்பருந்துக்கு வால் பிளந்துல்லா இருக்கும்” என்றார்.

“வால விரிச்சா நேராத் தெரியும். பாவாடைய விரிச்சுப் பிடிச்சா மடிப்பு தெரியுமா?”

கோமதிநாயகம் கறிக்கடைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அது ராசாளியாகவே இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“அப்போ பொத்தையில இருக்கது கள்ளப்பருந்தா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“ராசாளியும் இல்ல, கள்ளப்பருந்தும் இல்லன்னா தேன்பருந்தா?”

“அப்படியும் சொல்லல.”

அவருக்குக் கோபம் வந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தெரியவில்லை என்று போய்ச் சொன்னால் மறுநாளே வெடி வைத்துவிடுவார்கள், உங்களுக்குப் படம் முக்கியம், எனக்குப் பொத்தை முக்கியம் என்று சத்தமாகவே பேசினார். தையல் மிஷின்களில் இருந்த பெண்கள் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“கூட்டத்துல நான் என்னதான் சொல்லட்டும்? அதையாவது சொல்லுங்க” என்றார் கோமதிநாயகம்.

“அன்னைக்குப் புளிய மரத்தடியில நின்னுக்கிட்டு என்ன எழுதியிருக்கணும் அண்ணாச்சி?”

அவர் பத்துப் படங்களையும் ஒட்டின கவரையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

*

பன்னிரண்டாம் தேதி. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல். மேசைக்குப் பின்னால் கோட்டாட்சியர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஊரே வந்திருந்தது.

குவாரிக்காரர்கள் கோயம்புத்தூரில் இருந்து ஒரு பறவை நிபுணரை அழைத்து வந்திருந்தார்கள். மதுசூதனன் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். எண்பது பக்க அறிக்கை வைத்திருந்தார். ஒரு மத்தியானம் பொத்தைக்கு வந்து போனாராம். அடிவாரம் வரைக்கும் நல்ல சாலை இருந்தது என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்.

முதலில் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்கள். அவர் எடுத்த ஐந்து படங்களின் நகல்கள் கோட்டாட்சியர் கையில் இருந்தன. இந்தப் படங்களில் இருப்பது ராசாளிதானா என்று கேட்டார்.

முன்வரிசையில் பால்காரர் இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபிளெக்ஸுக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர்.

“தெரியாதும்மா” என்றார் கோமதிநாயகம்.

கோட்டாட்சியர் மறுபடி கேட்டார்.

“தெரியாதும்மா. ராசாளின்னு ஊருக்குச் சொன்னவன் நான்தான். தெரியாமச் சொல்லிட்டேன்.”

ஊர் சலசலத்தது. “அண்ணாச்சி, கவுத்திட்டியளே” என்றார் இசக்கி. திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். கோமதிநாயகத்துக்கு அதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.

மதுசூதனன் எழுந்தார். நான் அறிக்கையில் சொன்னதுதான், படங்களில் இருப்பது கள்ளப்பருந்து, அப்படியே பதிவு செய்துகொள்ளலாம் என்றார்.

“அதுவும் எனக்குத் தெரியல தம்பி” என்றார் கோமதிநாயகம். “உங்களுக்கு எப்படித் தெரியுது?”

வடிவத்தைப் பார்த்தாலே தெரியும், பன்னிரண்டு வருஷ அனுபவம் என்றார் அவர்.

கோமதிநாயகம் பைக்குள் கைவிட்டு, கறிக்கடையிலும் குளக்கரையிலும் எடுத்த ஐந்து தூரத்துப் படங்களை மேசையில் வைத்தார். இவை எல்லாம் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த பறவைகள், தம்பி என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். கோட்டாட்சியர் தலையசைத்தார்.

மதுசூதனன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

“அஞ்சுமே கள்ளப்பருந்து” என்றார்.

கோமதிநாயகம் ஒட்டின கவரைக் கோட்டாட்சியரிடம் கொடுத்தார். அவரே பிரித்தார். கிட்டத்துப் படங்களை எடுத்து, முதுகில் இருந்த தேதியையும் நேரத்தையும் தூரத்துப் படங்களோடு சரிபார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்று சரியாக இருந்தன. நான்காவதில் மஞ்சள் கண்ணோடு பாம்புக்கழுகு அவரை முறைத்துப் பார்த்தது. ஐந்தாவதில் அதன் காலில் பாம்பு தொங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. மதுசூதனன் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். குவாரிக்காரர்கள் பக்கமிருந்து யாரோ இருமினார்கள். அவர் திரும்பவில்லை.

“மேடம், என் அறிக்கையில அந்த வரிய அடிச்சிருங்க. இந்தப் படத்த வச்சுச் சொல்ல முடியாது” என்றார்.

கோமதிநாயகம் அவரைப் பார்த்தார். அதுவரை எதிரியாக நினைத்திருந்த ஆள்மேல் அவருக்குத் திடீரென்று பிரியம் வந்துவிட்டது.

பறவை என்னவாகவும் இருக்கட்டும், பதிவேட்டில் கல்லாங்குத்து, குறிப்பு ஏதுமில்லை என்றுதானே இருக்கிறது என்று கோட்டாட்சியர் கேட்டார்.

“அது என் கையெழுத்தும்மா. மேல ஏறாமக் கீழ நின்னு எழுதினது. அப்பவும் தெரியாதுன்னுதான் எழுதியிருக்கணும்.”

கோட்டாட்சியர் பேனாவை மூடிவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு திறந்து எழுதினார். ஆறு மாதம் பொத்தையில் நேரில் பார்க்க வேண்டும். கோமதிநாயகமும் மதுசூதனனும் சேர்ந்தே பார்த்துச் சேர்ந்தே கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அனுமதி இல்லை.

*

சனிக்கிழமை கோமதிநாயகம் தையல் நிலையத்துக்குப் போனார். நடந்ததை எல்லாம் சொன்னார். டீச்சர் பொத்தான் துளை தைத்துக்கொண்டே கேட்டார்.

“அடுத்த சனிக்கிழமை வரமாட்டேன் டீச்சர். பொத்தையில இருப்பேன்” என்றார்.

டீச்சர் கழுத்தில் போடுகிற தன் பைனாகுலரை எடுத்து அவரிடம் கொடுத்தார். பதிலுக்கு அவர் கையில் இருந்த கேமராவை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

*

தை மாதம். காலை ஏழரை மணி. சுனைக்கு மேலே பாறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகம் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைப் பிரித்து மதுசூதனனுக்குப் பாதி கொடுத்திருந்தார். பன்னிரண்டு நாளாக இதே பாறை, இதே இட்லி.

மேற்கே மலைத்தொடரின் மேலே ஒரு புள்ளி தெரிந்தது.

மதுசூதனன் இட்லியைக் கீழே வைத்தார். பைனாகுலரை எடுத்தார். புள்ளி இறக்கையை அசைக்காமல் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. பொத்தையை நோக்கித் திரும்பியது.

“சார், வயிறு வெள்ளை. பட்டை தெரியுது. சார், ராசாளி. ராசாளியேதான்.” நோட்டைக் கை காட்டினார். “எழுதிரலாம் சார். நான் கையெழுத்துப் போடுறேன்.”

நோட்டு கோமதிநாயகத்தின் மடியில் திறந்து கிடந்தது. பேனாவும் இருந்தது. கீழே ஊத்துப்பட்டியில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அவர் டீச்சரின் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“தூரத்துல இருக்கு” என்றார்.